ஏர்போர்ட் வரட்டும், கயிறு பிடிக்க யார் வர்றீங்க?

2024 ஜூன் 27-ம் தேதி சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓசூருக்கு சர்வதேச விமான நிலையம் வரும் என்று அறிவித்தார். 2,000 ஏக்கர், வருஷத்துக்கு மூணு கோடி பயணிகள். அன்னைக்கு சாயங்காலம் எங்க வாட்ஸ்அப் குரூப் முழுக்க விமானப் படம்தான். அப்போ நாங்க ரெண்டாம் வருஷம் முடிச்ச நேரம். "மச்சி, இனிமே பாலக்கோட்டுல இருந்து நேரா துபாய்" என்று ஒருத்தன் போட்டான். பாலக்கோட்டு தக்காளி வேணும்னா போகலாம், நாம எதுக்குப் போகணும் என்று இன்னொருத்தன்.

ஏர்போர்ட் எப்போ வரும் என்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 2033 வரைக்கும் 150 கிலோமீட்டருக்குள் வேற பெரிய ஏர்போர்ட் கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கு, அதை வைத்து பெரியவங்க பேசிக்கட்டும். என் கேள்வி வேற. ஏர்போர்ட் வந்தால் நமக்கு அங்கே என்ன வேலை? டிக்கெட் வாங்கி, பெல்ட்டைக் கழட்டி ட்ரேயில வெச்சு, ஜன்னல் சீட்டுக்கு சண்டை போடுற வேலை. அதிகபட்சம் கிரவுண்ட் ஸ்டாஃப் வேலை. பறக்கிறது வேற யாரோ.

வரைபடத்தைக் கொஞ்சம் பாருங்க. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கு அஞ்சு நோடு: சென்னை, கோவை, திருச்சி, சேலம், ஓசூர். இதில் சேலத்துக்கும் ஓசூருக்கும் நடுவுல பஸ்ல தூங்கிக்கிட்டே போறோமே, அதுதான் தர்மபுரி. ஓசூர் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் கம்பெனியின் ரன்வே ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம். 1990-கள்லயே அங்கே சின்ன விமானங்கள் செய்திருக்காங்க. அப்போ ஓசூர் நம்ம மாவட்டம். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்தான். தெற்கே காமலாபுரத்தில் சேலம் ஏர்போர்ட் 1993-ல் திறந்து, பல வருஷம் காத்து வாங்கிட்டு, 2018-ல் உடான் திட்டத்தில் திரும்ப உயிர் வந்தது. இப்படி ரெண்டு பக்கமும் ரன்வே வெச்சுக்கிட்டு, நடுவுல ஏகப்பட்ட இன்ஜினியரிங் பசங்க ஏரோஃபாயில் பற்றி 16 மார்க் கேள்விக்குப் பதில் எழுதிட்டு இருக்கோம். நான் கேட்கிறது ரொம்பச் சின்ன விஷயம். நமக்கு ஒரு கிளைடிங் கிளப் வேணும்.

கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம். பாராகிளைடிங்கோட குழப்பிக்காதீங்க. ஏலகிரியில பார்த்திருப்பீங்களே, துணி இறக்கையில தொங்கிட்டுப் போறது, அது வேற. கிளைடருக்கு முழு விமான உடம்பு, நீளமான மெல்லிய இறக்கை, வால், காக்பிட், ஸ்டிக், ரட்டர் எல்லாம் உண்டு. இன்ஜின் மட்டும் இல்லை.

இன்ஜின் இல்லாமல் எப்படி மேலே நிற்கும்? தொப்பூர் கணவாய்ல டிராஃபிக்ல மாட்டும்போது தலையைத் தூக்கிப் பாருங்க. பருந்து ஒண்ணு இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காமல் வட்டம் போட்டுக்கிட்டே மேலே ஏறும். வெயில்ல சூடான தரையில இருந்து வெப்பக்காற்று தூண் மாதிரி மேலே எழும்புது. அந்தத் தூணுக்குள்ளேயே பருந்து சுத்துது. கிளைடர் பைலட் செய்றதும் அதேதான். உயரம் கிடைத்ததும் அதைச் செலவு பண்ணி அடுத்த தூண் வரைக்கும் சறுக்கிப் போறது, அங்கே திரும்ப ஏறுறது. "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்று பெருமையா சொல்வோம், ஆனால் ஆடிக்காற்று கிளைடருக்குத் தோது கிடையாது, அது தூக்கிப் போட்டு அடிக்கும். மாசி, பங்குனியில நாம "என்னடா வெயில்" என்று திட்டுற மதியங்கள்தான் இதுக்கு நல்ல நேரம். அந்த வெயில் நம்ம மாவட்டத்துல ஓசி.

ஒரு கணக்கு. உலகம் முழுக்க பயிற்சிக்குப் பயன்படுத்துற ஏஎஸ்கே 21 என்ற ஜெர்மன் கிளைடரின் கிளைடு ரேஷியோ சுமார் 34. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால், அசையாத காற்றில் 34 கிலோமீட்டர் போகும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு மேல விட்டால் கணக்குப்படி பென்னாகரத்தைத் தாண்டிடலாம், ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல். இது வெறும் சறுக்கல் கணக்கு. காற்றைப் படிக்கத் தெரிந்தவன் எவ்வளவு போவான்? 2003-ல் கிளாஸ் ஓல்மன் என்ற ஜெர்மன்காரர் அர்ஜென்டினாவில் ஆண்டீஸ் மலைக்காற்றைப் பிடித்து ஒரே நாளில் 3,000 கிலோமீட்டருக்கு மேல பறந்தார். 2018-ல் பெர்லான் 2 என்ற கிளைடர் அதே நாட்டில் 76,000 அடிக்கு மேல போச்சு. நீங்க துபாய் போற விமானம் பெரும்பாலும் 40,000 அடியைத் தாண்டாது.

ஆனால் இந்த ரெக்கார்டுகளுக்காக நான் கிளைடிங்கைப் பிடிச்சுக்கல. எனக்குப் பிடித்தது கிளைடர் தரையில் இருக்கும்போது நடக்கிற விஷயம்.

கிளைடர் தானா கிளம்பாது. ரன்வேயோட ஒரு கோடியில் வின்ச் இருக்கும். ஒரு பெரிய இன்ஜின், அதில் ஒரு டிரம், டிரம்முல ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கயிறு. போர்வெல் லாரி பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. கயிற்றோட மறுநுனி கிளைடரோட கொக்கியில் மாட்டும். வின்ச்ல உட்கார்ந்திருக்கிறவர் வேகமா கயிற்றைச் சுருட்டுவார், நாம பட்டம் விடும்போது கயிற்றை இழுத்துக்கிட்டு ஓடுற மாதிரி. ஒரு நிமிஷத்துக்குள்ள கிளைடர் 300, 400 மீட்டர் உயரத்தில். அங்கே பைலட் கொக்கியைக் கழட்டிவிடுவார். ஒரு லாஞ்சுக்கு ஆகிற எரிபொருள், நாம பிரியாணிக்காக பைக்கில் ஓசூர் போயிட்டு வர்றதை விடக் குறைவு.

இப்போ ஆட்களை எண்ணுங்க. வின்ச்சுக்கு ஒருத்தர். கிளைடர் இறக்கை தரையில் சாயாமல் நுனியைப் பிடித்துக்கொண்டு முதல் சில அடி கூடவே ஓட ஒருத்தர். வின்ச்சுக்கு சிக்னல் கொடுக்க ஒருத்தர். வானத்தில் வேற யாராவது வராங்களா என்று பார்க்க ஒருத்தர். கயிற்றைத் திரும்ப இழுத்துட்டு வர ஒருத்தர். யார் எத்தனை மணிக்கு ஏறினாங்க, இறங்கினாங்க என்று நோட்டில் எழுத ஒருத்தர். இறங்கின கிளைடரைத் தள்ளிக்கிட்டு வர மூணு பேர். இத்தனை பேரும் வெயிலில் நின்றால்தான் ஒருத்தர் பறக்க முடியும். வெப்பக்காற்று கிடைக்காவிட்டால் அந்தப் பறத்தல் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். அப்புறம் அவர் இறங்கி வந்து அடுத்தவருக்காகக் கயிறு பிடிக்கணும். நாள் முழுக்க கிரவுண்டில் நின்று நமக்குக் கிடைக்கிறது ரெண்டு மூணு லாஞ்ச். பறந்துட்டு அப்படியே காரில் ஏறிப் போயிடலாம் என்று நினைக்கிறவனுக்கு கிளப்பில் இடம் இருக்காது. காசு கொடுத்தாலும் இறக்கையைப் பிடிக்க ஆள் வேணும்ல?

இதை இன்ஜினியரிங் பசங்களோட முடிச்சுப் போட்டது நான் இல்லை, ஜெர்மனி. முதல் உலகப் போரில் தோற்றதும் வெர்சாய் ஒப்பந்தம் போட்டு, இன்ஜின் வைத்த விமானத் தயாரிப்பில் ஜெர்மனியின் கையைக் கட்டிட்டாங்க. இன்ஜின்தானே கூடாது, இறக்கை வைக்கலாம்ல என்று முதலில் யோசித்தவர்களில் காலேஜ் மாணவர்கள் முக்கியமானவர்கள். ஆகன், டார்ம்ஸ்டாட், ஹானோவர் தொழில்நுட்பக் கல்லூரிகளில் மாணவர் குழுக்கள் கிளம்பின. விடுமுறையில் வாசர்குப்பே என்ற மலைக்குத் தாங்க செய்த கிளைடரைத் தூக்கிட்டுப் போய்ப் பறக்கவிட்டாங்க. ஹானோவர் மாணவர்களோட கிளைடர் பேரு வேம்பயர். 1922 ஆகஸ்டில் ஆர்தர் மார்ட்டென்ஸ் அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல மேலேயே இருந்தார். கொஞ்ச நாளில் இன்னொருத்தர் மூணு மணி நேரம். இன்ஜின் இல்லாமல்! நாம சனிக்கிழமை லேப் ரெக்கார்டு எழுதுற வயசுதான் அந்தப் பசங்களுக்கும்.

அந்த மாணவர் குழுக்கள் இன்னைக்கும் இருக்கு. அகாஃப்ளீக் என்று பேரு. விதி ஒண்ணுதான்: ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தால்தான் பறக்கலாம். வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் உரசணும், ஒட்டணும், அளக்கணும். 1957-ல் ஸ்டுட்கார்ட் மாணவர் குழுவோட பட்டறை வழியா ஃபீனிக்ஸ் என்ற கிளைடர் பறந்தது. கண்ணாடி இழை, அதாவது ஃபைபர் கிளாஸால் செய்த உலகத்தின் முதல் கிளைடர். இன்னைக்கு காம்போசிட் மெட்டீரியல்ஸ் என்று எலெக்டிவ் எடுத்து, பிபிடியைப் பார்த்து மனப்பாடம் பண்றோமே, அந்தக் கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம் ஸ்டூடன்ட்ஸ் எழுதினது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் எப்லர் பேரில்தான் எப்லர் ஏரோஃபாயில்கள். டேட்டாபேஸில் 'ஈ' போட்டு நம்பரோட வருமே, அதே எப்லர்.

"அது ஜெர்மனி பாஸ், இங்கே நடக்குமா?" என்று கேட்பீங்க. இங்கே நடந்திருக்கு. டெல்லி சஃப்தர்ஜங் விமான நிலையத்தில் மத்திய அரசின் சிவில் விமானத் துறைக்கு ஒரு தொழில்நுட்ப மையம் இருந்தது. 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 1970-கள் வரை அங்கே சொந்தமா கிளைடர்கள் வடிவமைத்தார்கள். அவற்றின் பெயர்களைக் கேளுங்க: அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அஸ்வினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை. பஞ்சாங்க வரிசை! எங்க பாட்டிகிட்ட அந்த ஆறு பேரை வாசித்துக் காட்டினேன். கொஞ்சம்கூட யோசிக்காமல் "அடுத்தது புனர்பூசம்" என்றார். பாட்டி, புனர்பூசம் வரவே இல்லை. வரிசை இருபத்தேழுக்குப் போகாமல் ஆறிலேயே நின்றுவிட்டது.

இந்த கிளைடர்களின் வடிவமைப்பில் எஸ். ராமாமிர்தம் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருது. அந்தப் பேரை நாலு வருஷத்தில் ஒரு வகுப்பிலும் நான் கேட்டதில்லை. ரைட் சகோதரர்கள் பற்றி எல்கேஜியில் இருந்தே கேட்கிறேன். ரோகிணி மரத்தில் செய்த இரட்டை இருக்கை கிளைடர். சொல்லிக்கொடுக்கிறவரும் கத்துக்கிறவரும் பைக்கில் மாதிரி முன்னும் பின்னும் உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஒரு வாத்தியார் மாணவனோட முகத்தைப் பார்த்துக்கிட்டே சொல்லித்தரணும் என்று யோசித்திருக்காங்க, அது எனக்குப் பிடித்தது. இப்படிப்பட்ட கிளைடர்களில் என்சிசி ஏர் விங் கேடட்கள் பயிற்சி எடுத்திருக்காங்க. இப்போ என்சிசிக்கு ஸ்லோவேனியாவில் இருந்து வாங்கின பிப்பிஸ்ட்ரெல் வைரஸ் என்ற குட்டி இன்ஜின் விமானம். நல்ல விமானம்தான். வைரஸ் என்ற பேரைத்தான் கோவிட் சமயத்தில் எப்படிச் சொன்னார்களோ தெரியலை.

கிளப்பும் இல்லாமல் இல்லை. புனேவில் ஹடப்சர் என்ற இடத்தில் 1950-லேயே ஆரம்பித்த கிளைடிங் மையம், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவே நடத்தினது. வின்ச் லாஞ்ச்தான். சுத்தியும் ஊர் வளர்ந்து ஐடி பார்க், அபார்ட்மென்ட், மால் எல்லாம் வந்துவிட்டது, நடுவுல அந்தப் புல்வெளி. டெல்லியில் சஃப்தர்ஜங்கிலும் கிளைடிங் கிளப் இருந்தது. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு வந்த பாதுகாப்புக் கெடுபிடியில் அங்கே பறக்கிறது நின்னுபோச்சு. ஐஐடி கான்பூரில் கல்லூரிக்கே சொந்தமா ரன்வே, கிளைடர், ஃப்ளைட் லேப் எல்லாம் உண்டு. ஏரோ மாணவர்கள் மேலே போய் ரீடிங் எடுத்து, இறங்கி வந்து ரிப்போர்ட் எழுதுறாங்க. நம்ம லேப் ரீடிங் எங்கே இருந்து வருதுன்னு நமக்கே தெரியும், விடுங்க. இந்தப் பட்டியலில் தமிழ்நாட்டில் இருந்து ஒரு பேரைச் சேர்க்க முடியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துது.

எங்க காலேஜிலும் ஏரோ கிளப் இருக்கு. பேனர் இருக்கு, லோகோ இருக்கு, தலைவர், துணைத் தலைவர், இணைச் செயலாளர் எல்லாரும் இருக்காங்க. திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார், சால்வை போட்டோம், போட்டோ எடுத்தோம். ரெண்டாவது கூட்டம் இன்னும் நடக்கலை. இது ஏரோ கிளப்பின் கதை மட்டும் இல்லை. கிளப் என்றால் ரெஸ்யூமேல ஒரு வரி என்று ஆகிவிட்டது. பதவி பத்து பேருக்கு, வேலை யாருக்கும் இல்லை. கிளைடிங் கிளப்பில் இந்த ஏமாற்று வேலை நடக்காது. இறக்கை நுனியை இணைச் செயலாளர் பிடித்தாலும் சரி, ஃபர்ஸ்ட் இயர் பிடித்தாலும் சரி, யாராவது நிஜமா பிடிக்கணும்.

வீட்டில் முதலில் கேட்கிறது "உயிருக்கு ஆபத்து இல்லையா?" என்று. இருக்கு, அதை மறைக்க வேண்டாம். அதனாலதான் ஒவ்வொரு லாஞ்சுக்கும் முன்னாடி செக்லிஸ்ட். அளவுக்கு மீறி இழுத்தால் கிளைடர் உடையாமல் தானே அறுந்துபோகிற வீக் லிங்க் ஒண்ணு கயிற்றில் உண்டு. கயிறு பாதியில் அறுந்தால் என்ன செய்யணும் என்று தனியா பழக்குவாங்க. அம்மாவுக்கு நான் சொன்ன கதை வேற. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. காரணம், கிலோகிராம் கணக்கில் போட வேண்டியதை பவுண்டு கணக்கில் போட்டுட்டாங்க. யூனிட் எழுதலைன்னா அரை மார்க் போச்சு என்று வாத்தியார் கத்துவாரே, அங்கே 69 பேர் உயிர். கேப்டன் பாப் பியர்சன் ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டுகிறவர். கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ரன்வேயில், கிளைடரைப் பக்கவாட்டில் சரித்து உயரத்தைக் குறைக்கிற அதே வித்தையை அந்தப் பெரிய விமானத்தில் செய்து இறக்கினார். எல்லாரும் பிழைத்தாங்க. அம்மா கேட்டுட்டு, "சரி, அந்த ஆள் நல்லா இருக்கட்டும், நீ போகாதே" என்றார். அது வேற பேச்சுவார்த்தை, நடந்துக்கிட்டு இருக்கு.

அடுத்தது, பணக்காரன் விளையாட்டு என்பது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு அரைக்கோடியை ஒட்டி ஆகும், அது நம்ம வீட்டு நிலத்தை விற்கிற விலை. கிளைடிங்கில் அந்தச் செலவு கிடையாது. கிளைடர் வாங்குறது பெரிய செலவுதான், ஆனால் ஒரு கிளைடரைப் பத்துப் பதினைந்து வருஷம் நூறு பேர் ஓட்டலாம். ஒரு ஆண்டு விழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா, லைட்டிங், சினிமா கெஸ்ட் என்று காலேஜ்கள் கொட்டுற பணத்தைப் பார்த்தவன் நான். மூணு நாலு காலேஜ் சேர்ந்தால் முடியாதா? ஜெர்மனியில் 14 வயசில் கிளைடரைத் தனியா ஓட்டலாம். அங்கே அது பள்ளிக்கூடப் பசங்களோட வாரக்கடைசி விளையாட்டு.

அரசாங்க அனுமதிதான் நிஜமான சிக்கல். ஆனால் அதுக்கும் கதவு திறந்தே இருக்கு. 2022 ஜூனில் மத்திய அரசு தேசிய வான் விளையாட்டுக் கொள்கை என்று ஒன்று வெளியிட்டது. கிளைடிங், பாராகிளைடிங், பலூன், ஏரோமாடலிங் எல்லாம் அதில் உண்டு. 2030-க்குள் வான் விளையாட்டில் இந்தியா முன்னணிக்கு வரணும் என்று எழுதியிருக்காங்க. 2030-க்கு எவ்வளவு நாள் இருக்கு என்று எண்ணிப் பாருங்க. அதே வருஷத்தில் பைலட் பயிற்சி நிறுவனங்களுக்கு இடம் கொடுக்கிற ஏர்போர்ட் பட்டியலில் சேலமும் வந்தது. பயணிகள் விமானம் வந்து போகிற ரன்வேயில் வின்ச் கயிறு போட விட மாட்டாங்க, அது நியாயம். எனக்குத் தோணுறது, நம்ம மாவட்டத்தில் விவசாயத்துக்கு உதவாத மேட்டு நிலத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சமமான புல்தரை. கான்கிரீட் வேண்டாம், டெர்மினல் வேண்டாம், ஒரு ஷெட் போதும். ஓசூருக்கு 2,000 ஏக்கர் தேடுறவங்க இதை ஓரக்கண்ணால பார்த்தாலே கிடைத்துவிடும். யாரோட நிலத்தையும் பிடுங்காமல் கிடைக்கணும், அதில் மட்டும் நான் கறார்.

அது வரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்லை. ட்ரோன் விதிகள் 2021-ன்படி 250 கிராமுக்குள் இருக்கிற நானோ வகைக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. அந்த எடைக்குள் பால்சா மரத்திலும் தெர்மாகோலிலும் ரேடியோ கன்ட்ரோல் கிளைடர் செய்யலாம். நம்ம இடம் பச்சை மண்டலமா என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கணும். ரப்பர் கயிறு கட்டி இழுத்து விடலாம். அதுக்கே ரெண்டு பேர் கயிறு பிடிக்கணும், ஒருத்தர் நோட்டில் எழுதணும். நாங்க ஆறு பேர் ரெண்டு செய்திருக்கோம். முதலாவது மூக்கு குத்தி விழுந்தது. ரெண்டாவது ஒரு மதியம் மைதானத்தின் மேல பருந்து சுத்தின இடத்துக்கே போய், நாலு நிமிஷம் இருபது செகண்ட் மேலேயே நின்றது. வாட்ச்மேன் அண்ணன் சைக்கிளை நிறுத்திட்டு, "இதுல பேட்டரி எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். ரிசீவருக்கும் வாலை ஆட்டுற சர்வோவுக்கும் மட்டும் சின்னதா ஒண்ணு இருக்கு அண்ணா, இறக்கைக்கு எதுவும் இல்லை என்றோம். அவர் நம்பலை.

ஏப்ரலோட நாங்க ஆறு பேரும் கிளம்பிடுவோம். ரெண்டு கிளைடரும், ரப்பர் கயிறும், இதுவரைக்கும் நாற்பத்தோரு லாஞ்ச் எழுதின நோட்டும் ஒர்க்‌ஷாப் பின்னாடி இரும்பு அலமாரியில் இருக்கு. சாவி லேப் அண்ணன்கிட்ட. சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மைதானத்துக்கு வாங்க, ஃபர்ஸ்ட் இயர், செகண்ட் இயர் யாரா இருந்தாலும் சரி. தொப்பி எடுத்துட்டு வாங்க, வெயில் அதிகம். முதல் நாள் கயிறுதான் பிடிக்கணும்.